புல்லுக்குள் இருந்தது

என் அப்பா கால்நடை மருத்துவர். ஆக்லாந்துக்கு வந்த பிறகு அதை முழுசாக நம்பியவள் நான் ஒருத்திதான். திண்டுக்கல் பக்கம் பன்னிரண்டு வருஷம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டவர், பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். இங்கே மருத்துவம் பார்க்க ஒரு தேர்வு எழுத வேண்டும். அந்த வருஷம் எழுதிவிடுவதாக இருந்தார். வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுப் படிக்க உட்காருவார். அந்த நேரத்தில் அம்மா மிக்ஸி போட மாட்டாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பெட் டே என்று ஒரு நாள் வரும். பிள்ளைகள் தாங்கள் வளர்த்த பிராணியைக் கயிற்றில் பிடித்து நடத்திக் காட்ட வேண்டும். பாபடோயிட்டோயில் வாடகை வீட்டில் இருந்த எங்களிடம் கரப்பான்பூச்சியைத் தவிர வேறு பிராணி ஏது? அப்பாவோடு வேலை பார்த்த சமோவாக்காரர் ஒருவர், தன் நிலத்தில் தாயில்லாமல் நின்ற செம்மறிக்குட்டி ஒன்றைக் கொடுத்தார். அது எனக்கு ஒரு ரிப்பன் ஜெயித்துக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது.

கோடை முடியும்போது மழையே இல்லை. வேலியோரத்தில் மட்டும் ரைகிராஸ் என்கிற புல் கதிர் விட்டு நின்றது. அரிவாள் இல்லாததால் அப்பா ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்துப்போய்த் தரையோடு தரையாக அறுத்துவந்தார். நுனிப்புல் வயிற்றை நிரப்பும், அடித்தண்டில்தான் சத்து இருக்கிறது என்று அம்மாவுக்கு விளக்கம் வேறு சொன்னார்.

பத்து நாளில் குட்டிக்குத் தலை ஆடத் தொடங்கியது. பக்கத்தில் போனால் உடம்பெல்லாம் நடுங்கும். ஓடப் பார்த்தால் கால் விறைத்து விழுந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் எழுந்து நிற்கும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அப்பா பெட்டியிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அப்பா மறுபடியும் டாக்டராகிவிட்டார்.

அம்மாதான் மெதுவாக, “ஏங்க, இங்க உள்ள டாக்டர் யார்கிட்டயாவது காட்டலாமா?” என்று கேட்டாள்.

“அப்ப நான் யாரு?” என்றார் அப்பா.

மூளையில் நீர்க்கட்டி என்று முடிவு செய்தார். ஊரில் அப்படித் தள்ளாடிய ஆடுகளை நிறையப் பார்த்திருக்கிறாராம், ஒன்றும் பிழைத்ததில்லையாம். ஆனாலும் விடவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார். வைட்டமின் மாத்திரையை நுணுக்கி வெல்லத்தண்ணீரில் கலந்து புகட்டினார். தெம்பு வரட்டும் என்று புல்லை இன்னும் ஒட்ட அறுத்து, அடித்தண்டாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். நான் ஊட்டினேன். நடுக்கம் நாளுக்கு நாள் கூடியது. கடைசியில் அப்பா கைவிட்டார். தவிக்க விடுவது பாவம், அறுத்துவிடட்டும் என்று குட்டியைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் அந்தச் சமோவா நண்பரிடமே விட்டுவிட்டு வந்தார். நான் சாப்பிடாமல் அழுதேன்.

அந்தப் புல்லுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது என்பது இன்று எனக்குத் தெரியும். வெளியே பார்த்தால் பச்சைப் புல்தான். புல் அதற்குச் சோறு போடுகிறது. அது பதிலுக்கு ஆல்கலாய்டு என்னும் விஷச்சத்துகளை உண்டாக்கி, புல்லைப் பூச்சி அரிக்காமல் காக்கிறது. விதைக்குள்ளேயே இருந்து அடுத்த தலைமுறைக்கும் கூடவே போகிறது. வெயில் காலத்தில் கதிரிலும் அடித்தண்டிலும் விஷம் அதிகமாகச் சேரும். தின்ற ஆட்டுக்கு நடுக்கம் வரும். வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தீனியை மாற்றினால் போதும். இங்கே ஆடு வளர்க்கிற யாருக்கும் தெரிந்த விஷயம் இது. நாங்கள் குட்டிக்கு வேளாவேளைக்கு விஷத்தைத் தேடித் தேடி ஊட்டியிருக்கிறோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மூன்று வாரம் கழித்து நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். நானும் கூடப் போனேன். குட்டி காய்ந்த புல்கட்டுக்கு முன்னால் நின்று தின்றுகொண்டிருந்தது. கைதட்டினேன். துள்ளி ஓடியது, விழவில்லை. நண்பர் வேலியோரம் ஒரு புல்லைப் பிடுங்கி, அதன் அடியைக் கிள்ளிக் காட்டி அப்பாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கேலி இல்லை, சின்ன விஷயம்தானே என்கிற சிரிப்பு. அப்பா அந்தப் புல்லை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் ஓடிப்போய், எங்கப்பா டாக்டர், அவர் கொடுத்த மருந்தில்தான் இது பிழைத்தது என்று இங்கிலீஷில் அறிவித்தேன். நண்பர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, ஆமாம், உன் அப்பா நல்ல டாக்டர் என்றார்.

தேர்வு நாள் வந்தது, போனது. அம்மா கேட்டதற்கு, லீவு கிடைக்கவில்லை என்றார் அப்பா. அடுத்த வருஷமும் அதையே சொன்னார். மூன்றாம் வருஷம் அம்மா கேட்கவில்லை.

நானோ அந்தக் கதையைப் பள்ளியில் சொன்னேன், கோவிலில் சொன்னேன், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். செத்துப்போக வேண்டிய குட்டியை எங்கப்பா காப்பாற்றிய கதை. ஒவ்வொரு தடவையும் அப்பா தலையைக் குனிந்து டீ குடித்துக்கொண்டிருப்பார், மறுத்ததே இல்லை. அப்பாவுக்குத் தற்பெருமை பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.