கல்வராயன் மலையில் கூடாரம் அடிக்கிறவன்

மலையில் கூடாரம் அடித்து விருந்தாளிகளைத் தங்கவைக்கிற தொழிலில் காட்டைச் சமாளிப்பது சுலபம், வந்து இறங்குகிறவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். லாட்ஜோ மெஸ்ஸோ கல்யாண மண்டபமோ நடத்திப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். கொசு கடிக்கிறது என்பார்கள், குருவி கத்துகிறது என்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து மேலே வந்து இந்த முகாமைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த புதிதில் வாரம் ஒருமுறை ஓடிவிடலாமா என்று தோன்றும். அப்படி ஓடாமல் என்னை இருத்திவைத்த சிலரைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஒரு தட்டு சோறு

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், வெட்டு முடிந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்து இறங்கியதுமே அவர் மனைவி நேராக எங்கள் சமையல் கொட்டகைக்குள் நுழைந்து, வெங்காயம் அரிந்து தரட்டுமா என்று கேட்டார். எங்கள் சமையல்காரி அம்சா இதே மலைக்காரி, அதிகம் பேசமாட்டாள். வேண்டாம் என்று அனுப்பிவைத்தாள். சற்று நேரத்தில் அந்த அம்மா பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்ப வந்துவிட்டார். கடைசியில் கணவரே கையைப் பிடித்து அழைத்துப்போய் ஓடைக்கரைப் பாறையில் உட்காரவைத்தார். சோறு வெந்ததும் முதல் தட்டை அவரே வாங்கிப்போய் மனைவி கையில் கொடுத்தார்.

அந்த அம்மா தலையே நிமிராமல் சாப்பிட்டார். ஒரு வார்த்தை இல்லை. குழம்பில் உப்புப் போடவில்லையோ என்று எனக்குப் பயம். பக்கத்தில் போய், ஏதாவது குறையா என்று கேட்டேன்.

“குறைலாம் ஒண்ணும் இல்லீங்க. கல்யாணம் ஆனதுலருந்து எல்லாருக்கும் போட்டுட்டு ஆறிப்போன சோத்தத்தான் துன்னுக்கினு இருக்கேன். இன்னிக்குத்தான் சூடா துன்றேன். பேசுனா ஆறிடும்ல?”

வாசல் எந்தப் பக்கம்

பார்வையற்ற ஒருவர் நண்பர்கள் இரண்டு பேரோடு வந்தார். வங்கியில் வேலை. அவர் தடுக்கி விழக்கூடாதே என்று சமதளமாகப் பார்த்து ஒரு கூடாரத்தை முன்கூட்டியே அடித்துவைத்திருந்தேன். அதை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கு வேறு ஒன்றைப் பிரிக்காமல் தரச் சொன்னார். தானே அடிக்கப்போகிறாராம்.

துணியை விரித்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். கம்பிகளை நீளம் பார்த்து அடுக்கிக்கொண்டார். முளை அடிக்கும்போது சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது. நான் பதறி எழுந்தேன், நண்பர்களில் ஒருவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். விரலைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அவர் அடுத்த முளையைத் தேடி எடுத்தார். வெயில் உச்சிக்கு வரும்போது கூடாரம் விறைப்பாக நின்றது. ஆனால் வாசல் புதரைப் பார்த்து இருந்தது. எல்லோரும் போட்டோ எடுக்கிற பள்ளத்தாக்கு முதுகுப் பக்கம். இத்தனை பாடுபட்டவரிடம் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“வியூலாம் உங்களுக்குங்க. எனக்கு ஓடைச் சத்தம் இந்தப் பக்கந்தானே நல்லா கேக்குது?”

மீட்டிங்

சென்னைப் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. லீவு போட்டுவிட்டு வந்தவனை அவசர மீட்டிங் என்று அலுவலகம் வரும் வழியிலேயே போனில் விரட்டிப் பிடித்துவிட்டது. எங்கள் இடத்தில் டவர் கிடைக்காது. மேலே ஒரு பாறை மீது ஏறினால்தான் கிடைக்கும். அம்சா அவனை அழைத்துப்போனாள். அவன் பாறை மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து இங்கிலீஷில் வெளுத்துவாங்க, அம்சா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையிலிருந்த கழியால் கல்லைத் தட்டியபடியே நின்றிருக்கிறாள். மீட்டிங் முடிகிறவரை தட்டுவதை நிறுத்தவே இல்லையாம். சத்தம் தொந்தரவாக இருந்தது என்று கீழே வந்து என்னிடம் புகார் சொன்னான். ஏன் தட்டினாய் என்று அவன் எதிரிலேயே அவளைக் கேட்டேன்.

“கீழ அத்தி மரத்தாண்ட கரடி பழம் துன்னுக்கினு இருந்துச்சு. சத்தம் கேட்டுக்கினே இருந்தா மேல ஏறாது. சொன்னா இவுரு ஓடுவாரு, ஓடுனா அது தொரத்தும். அதான் மீட்டிங் முடியட்டும்னு இருந்தேன்.”

ஒழுகிய கூடாரம்

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை அன்வர் பாய், தம்பிகள் இரண்டு பேரோடும் குடும்பத்தோடும் வந்திருந்த சமயம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. அவர் கூடாரம் ஒழுகியது. விடிந்ததும் விடியாததுமாக வந்து, துணி எல்லாம் நனைந்துபோச்சு, குழந்தைகள் தூங்கவில்லை என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேல் ஊரிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பிரசவ வலியில் துடிக்கிற ஒரு பெண்ணைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கிவந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, நடுவில் வெள்ளம் இடுப்பளவு. தூளியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்க முடியவில்லை.

பாய் பேச்சைப் பாதியில் விட்டார். தன் கூடாரத்துக்குள் போய் மடக்குக் கட்டிலை இழுத்துவந்து விரித்தார். கரைக்குக் கரை மரத்தில் கயிறு கட்டினோம். அந்தப் பெண்ணைக் கட்டிலில் படுக்கவைத்து, பாயும் தம்பிகளும் அவள் புருஷனும் ஆளுக்கொரு கட்டில் காலைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். நடு ஓடையில் பாய்க்குக் கால் வழுக்கியது. மார்பு வரைக்கும் முங்கினார். ஆனால் தோளிலிருந்த கட்டிலை இரண்டு கைகளாலும் மேலே தள்ளிப் பிடித்திருந்தார், அது சாயவே இல்லை. அப்படியே எழுந்து நடந்தார்.

போகிற வழியிலேயே பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று சாயங்காலம் சேதி வந்தது. வீங்கிய காலை நீட்டிப் பாறையில் உட்கார்ந்திருந்த பாயிடம் போய், கூடாரத்துக்காக மன்னிப்புக் கேட்டேன்.

“வுடுங்க. டென்ட்டு ஒழுவாம இருந்திருந்தா நாங்க இழுத்துப் போத்திக்கினு தூங்கியிருப்போம். அப்பறம் யாரு தூக்கியிருப்பா?”

காட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் கட்டணம் வாங்குகிறேன், ஆனால் இவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க என்னிடம் இதுவரை யாரும் கட்டணம் கேட்கவில்லை.