உப்பளத்து டீயும் என் வலிப்பும்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உப்பைத் தொடுவதற்கு முன்னால் டீயைத்தான் தொட்டேன். மரக்காணத்தில் உப்பளத்தை நாங்கள் அளம் என்போம். அளத்தில் விடிவதற்கு வெகு முன்பே இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைப் பிடுங்கும், பாத்தியில் நிற்க முடியாது. ஊரே குறட்டை விடும்போது நாங்கள் உப்பு வாரும் பலகையும் கையுமாக வரப்பில் நிற்போம்.

மேஸ்திரி ஏகாம்பரம் பைக்கில் டீ கேனைக் கட்டிக்கொண்டு வந்தார். "ஆளுக்கு ரெண்டு டம்ளர் ஊத்துங்கம்மா. வவுறு ரொம்பிச்சின்னா வேல தானா ஓடும்" என்றார். அடடா, எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மண்டு உண்டா! டீ பசியை அடக்கும். பசி அடங்கினால் யாரும் சோறு தின்னக் கரையேற மாட்டார்கள். டீக்கு முகம் சுளிக்காத அந்த மனுஷன், தூக்குச்சட்டியைத் திறந்தால் மட்டும் முறைப்பார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஊரில் காக்கா வலிப்பு என்பார்கள், ஆஸ்பத்திரியில் ஃபிட்ஸ் என்பார்கள். அதை மறைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். மாத்திரை போட்டுக்கொண்டிருந்ததால் எப்போதாவதுதான் வரும். அளத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு அடிக்கடி வந்தது. நல்லகாலம், வீட்டில் இருக்கும்போது வந்தது.

2. டாக்டரம்மா சொன்னது

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"காலையில என்னம்மா சாப்பிடுறே?"

"டீங்க மேடம்."

"அது சரி, டிபன்?"

"அதுவும் டீதாங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று நோண்டி நோண்டிக் கேட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "டீதான் காரணம்னு நான் அடிச்சிச் சொல்ல மாட்டேன். ஒருத்தருக்கு ஒண்ணுமே பண்ணாது, இன்னொருத்தருக்கு ஒத்துக்காது. ஆனா நீ தூங்கறதே இல்லையேம்மா! தூக்கம் கெட்டா ஃபிட்ஸ் வரத்தான் செய்யும். வெறும் வயித்துல டீயா குடிச்சா பகல்ல படுத்தாலும் கண்ணு மூடாது. மாத்திரைய ஒரு வேளகூட விடாத. ராத்திரி முழுசாத் தூங்கு. வயித்துக்குச் சாப்பிடு. டீயக் கொறச்சிக்கோ."

மாத்திரையை நான் விட்டதே இல்லை. தூக்கமும் சோறும் மேஸ்திரி கையில் இருந்தன. நான் நினைத்தால் செய்யக்கூடியது டீயைக் குறைப்பது ஒன்றுதான். சரி, அதையாவது செய்வோம் என்று வந்தேன்.

3. டீ வேண்டாம் என்று சொன்னது

சேர்ந்து வேலை செய்யும் எங்கள் செட்டுக்கு மூத்தவர் மல்லிகா அக்கா. என் தெருக்காரர். கேனிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பது அவர்தான். சின்ன வயதில், டவுனில் ஒரு டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளரைத் தூக்கி ரோட்டில் அடித்தவர். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவருக்கு மூச்சு வாங்கும்.

அவரிடம் போய், "எனக்கு வேணாங்க்கா" என்றேன்.

"ஏண்டி, மாசமா இருக்கியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மறுநாளும் வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாடி கலா, நம்ம தெருவுல பொறந்துட்டு என் கையால டீ வாங்கிக் குடிக்க மாட்டியா? அவ்ளோ பெரிய மனுஷி ஆயிட்டியா?"

தனி டம்ளரைத் தூக்கி ரோட்டில் அடித்தவரை, அவர் கை டீயை நானும் தீட்டென்று ஒதுக்குகிறேன் என்று எப்படி நினைக்க விடுவேன்? உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் உறவு போகும். டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தேன். மல்லிகா அக்கா சந்தோஷமாக இன்னொரு டம்ளர் ஊற்றினார். டாக்டரம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதையும் குடித்தேன்.

4. பாத்தியில் விழுந்தது

அந்த வருஷம் கோடையில் திடீரென்று மேகம் கட்டியது. மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து போகும். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். தொடர்ந்து சில நாள் எங்களுக்குத் தூக்கமே இல்லை. வாருவது, சுமப்பது, அம்பாரமாகக் கொட்டுவது, தார்ப்பாய் போடுவது. நடுநடுவே டீ, டீ, டீ. கண்ணுக்குள் பளிச் பளிச்சென்று மின்னியது. வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கரையேறலாம் என்று பலகையைப் போட்டேன், அவ்வளவுதான் நினைவு.

மற்றதை மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். குப்புற விழுந்த என் முகத்தை உப்புத்தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்தது மல்லிகா அக்கா. அவர் இல்லையென்றால் நான் இல்லை. பிறகு எல்லோரும் இரும்பு தேடியிருக்கிறார்கள், கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று. அளத்தில் இரும்புக்கு எங்கே போவது? உப்புக்காற்று தின்றுவிடும் என்று பலகை முதல் பிடி வரை எல்லாம் மரம். மோட்டார் கொட்டகைக்கு ஓடி, கிரீஸ் வழியும் ஸ்பேனரைக் கொண்டுவந்து என் கையில் திணித்திருக்கிறார்கள். வலிப்பு தானாக அடங்கியது, பேர் ஸ்பேனருக்குப் போனது. அதற்கும் மேலே ஒரு மகராசி, "சூடா டீ ஊத்துங்க, தெளிஞ்சிடுவா" என்று வாயில் ஊற்றியதில் டீ புரையேறி மூச்சு முட்டியது. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "மயக்கத்துல இருக்கறவ வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, ஒருக்களிச்சிப் படுக்க வெச்சா போதும்" என்று டாக்டரம்மா கத்தினார். அந்தத் திட்டை வாங்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

5. எனக்கு மட்டும் ஒரு டம்ளர்

உப்பு வார ஆள் போதாததால் மேஸ்திரி என்னை நிறுத்தவில்லை. திரும்பி வேலைக்குப் போன அன்று டீ கேன் வந்தது. என் டம்ளரின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கட்டியவர் மல்லிகா அக்கா.

"தப்பா எடுத்துக்காதடி. புள்ளகுட்டிக்காரிங்க இருக்காளுங்க. வாயி நுரை பட்டா ஒட்டிக்குமாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அக்கா, அந்த டீக்கடைக்காரரும் தப்பா எடுத்துக்காதன்னுதான சொல்லியிருப்பாரு?" என்று கேட்டேன்.

அவர் முகம் செத்துப்போனது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "அது சாதி, இது சீக்கு. ரெண்டும் ஒண்ணாடி?" என்றார். அந்த டம்ளரில் நான் குடிக்கவில்லை.

மேஸ்திரியிடம் போனேன். மூட்டை தைக்கும் ஷெட்டில் வேலை விடிந்த பிறகுதான் தொடங்கும். வீட்டில் நாலு வாய் தின்றுவிட்டு வரலாம். அங்கே மாற்றச் சொல்லி, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் காதில் விழுந்தது கடைசி ஒன்றுதான்.

"டீ ஒத்துக்கலன்னா டீய வுடு. அதுக்கு எதுக்கும்மா ஷெட்டு?"

ஆனால் சில நாளில் மாற்றல் வந்தது. டாக்டரம்மா பேச்சுக்கு மசியாத மனுஷன், செட்டுப் பெண்கள் இரண்டு பேர் "அவ இருக்கற எடத்துல நாங்க டீ குடிக்க மாட்டோம்" என்று நின்றதும் மசிந்துவிட்டார். என்னைக் காப்பாற்றியது அவர்களுடைய அருவருப்புதான். இதை எழுதும்போதும் நாக்கு கசக்கிறது. ஷெட்டுக்குப் போன பிறகு ராத்திரி தூங்கினேன், காலையில் சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன். வலிப்பு வருவது நின்றது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் டீ குடித்தேன். இன்றைக்கும் குடிக்கிறேன். அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

6. ரேவதி

சில வருஷம் கழித்து ரேவதி வந்தாள். அனுமந்தைப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள். எனக்கு இருந்த அதே வலிப்பு. ஆனால் மறைக்கவில்லை. முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாள்.

காலம் மாறியிருந்தது. ஊரில் மருத்துவ முகாம் போட்டு, வலிப்பு ஒட்டாது என்று மைக்கில் சொல்லியிருந்தார்கள். யாரும் அவள் டம்ளரில் கயிறு கட்டவில்லை. மல்லிகா அக்கா தன் தண்ணீர் பாட்டிலையே அவளுக்கு நீட்டினார். பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. என்னிடம் மட்டும் ஏன் இப்படி இல்லை என்று பொறாமையாகவும் இருந்தது.

மேஸ்திரி அவளிடம் சொன்னார்: "நம்ம கலாவுக்குக்கூட இருந்துச்சிம்மா. டீய வுட்டா, ஓடியே போயிடுச்சி. நீயும் வுட்டுடு."

எனக்குச் சுருக்கென்றது. நேராகப் போய்க் கேட்டேன். "நான் எங்க மேஸ்திரி டீய வுட்டேன்? இதோ இப்பகூடக் குடிச்சிட்டுதான் வர்றேன். நான் தூங்கறேன், திங்கறேன், அதனால நல்லா இருக்கறேன். அவள ஷெட்டுக்கு அனுப்புங்க."

"எல்லாரும் ஷெட்டுல வந்து குந்திக்கினா பாத்தியில உப்ப யாரு வாருவா, உங்க மாமனாரா?"

அதோடு முடிந்தது. மல்லிகா அக்காவிடமும் சொன்னேன். "பாவம்டி, அவ நல்லதுக்குத்தான குடுக்காம இருக்கோம்" என்றார். எல்லோருக்கும் அவள்மேல் உண்மையான அக்கறை. கேனைத் திறந்தால் அவள் பக்கம் டீ போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த மேஸ்திரி ஒரு சட்டம் போட்டார். "டீ குடிக்காதவளுக்கு எதுக்கு டீ டைம்? நீ பாட்டுக்கு வாரிக்கினு இரும்மா."

அளத்தில் நாங்கள் உட்காருவதே அந்த டீ நேரத்தில்தான். எல்லோரும் வரப்பேறி, கேனைச் சுற்றி உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிப்பார்கள். ரேவதி மட்டும் வெறும் வயிற்றோடு, தூக்கம் சொக்கும் கண்ணோடு, தூரத்துப் பாத்தியில் உப்பு வாருவாள்.

ஒருநாள் டீ குடித்து முடித்து இறங்கியவர்கள் அவளைப் பாத்தியில் பார்த்தார்கள். குப்புற விழுந்து கிடந்தாள். தண்ணீர் கணுக்கால் அளவுதான். முகத்தைத் தூக்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

சாவு வீட்டுக்கு மேஸ்திரி மாலையோடு வந்தார். வெளியே பந்தலில் உட்கார்ந்து யாரிடமோ சொன்னார்: "எவ்ளோ சொன்னேன்! திருட்டுத்தனமா எங்கியோ டீ குடிச்சிருக்கா."

தலைவிரி கோலமாக மல்லிகா அக்கா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். "அவ வாயில ஒரு சொட்டு படலயே பாவி! நாங்கதான குடிச்சிக்கினு குந்திக்கினு இருந்தோம்!" என்று தன் மார்பிலேயே அடித்துக்கொண்டு அழுதார். அவரை யாராலும் தேற்ற முடியவில்லை. நான் தேற்றப் போகவும் இல்லை.

அளத்து வேலைக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் செட்டில் ஒருத்திக்கு வலிப்பு இருந்தால், டீ குடிக்கலாமா கூடாதா என்பதை அவளும் டாக்டரும் பேசிக்கொள்வார்கள். நீங்கள் கரையேறும்போது அவளையும் கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.