அரைக்கட்டை கீழே

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மனிதரின் மொத்தச் சொத்தும் அந்தக் காதுதான். லிப்ட் மணி, ஃபிரிட்ஜின் உறுமல், மாடிவீட்டுக்காரர் மூக்குச் சிந்துவது என்று எதைக் கேட்டாலும், அது பியானோவில் எந்தக் கட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். மற்றவர்கள் கையில் சுருதி மீட்டர் வைத்திருப்பார்கள். "கண்ணால கேக்கறவங்க" என்று அவர்களைக் கிண்டல் பண்ணுவார். திமிர் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலையில் குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தார். டாக்டர் தினமும் போடச் சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகவில்லை, மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லிப்ட் மணி சுருதி இறங்கி ஒலித்தது. செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டதோ என்று தோன்றியது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் குரல் தணிந்து கேட்டது, "என்ன வருத்தம் உனக்கு?" என்று ஒரே நாளில் நாலு தடவை கேட்டு அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அந்த வாரம்தான் இசை அரங்கத்துப் பெரிய பியானோவைச் சரிபார்க்கப் போனார். முதல் கட்டையை அழுத்தியதுமே முகத்தைச் சுளித்தார். முழுப் பெட்டியும் அரைக்கட்டை இறங்கியிருந்தது, அதாவது ஒவ்வொரு கட்டையும் தனக்குக் கீழே பக்கத்தில் இருக்கும் கட்டையாக ஒலித்தது. ஈரக் காற்று பண்ணுகிற வேலை என்று திட்டிக்கொண்டே கம்பி முறுக்கும் சாவியை எடுத்தார். இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள். ஆறு மணி நேரம் குனிந்து நின்று ஒவ்வொன்றாக முறுக்கி ஏற்றினார். இரண்டு கம்பிகள் பட்டென்று அறுந்தன. அப்போதும் கம்பிமேல் சந்தேகப்பட்டாரே தவிர, காதுமேல் சந்தேகப்படவில்லை.

மாலை ஒத்திகைக்குக் கிளாரினெட் வாசிப்பவர் வந்தார். கிளாரினெட்டும் பியானோவும் சேர்ந்து எழும்பியபோது கண்ணாடியில் நகத்தைக் கீறியது மாதிரி இருந்தது. எல்லாரும் பியானோவைப் பார்த்தார்கள். காதுக்காரர் கிளாரினெட்டைப் பார்த்தார். "உங்க குழல்ல ஏதோ கோளாறு சார்" என்று வேறு சொல்லிவைத்தார். ஒத்திகைக்கு வந்திருந்த, அவர் வேலை பார்க்கும் பியானோக் கடையின் முதலாளி மீட்டரைக் கொண்டுவந்து பியானோமேல் வைத்தார். சரியாக இருந்த பியானோவை அரைக்கட்டை மேலே ஏற்றிவைத்திருந்தது தெரிந்தது.

"நாளைலேர்ந்து மீட்டர் வச்சுத்தான் நீங்க வேலை பாக்கணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி, அத்தனை பேர் முன்னாலும். காதுக்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

டாக்டரிடம் ஓடினார். "இந்த மாத்திரையில ரொம்ப அபூர்வமா சிலருக்கு எல்லாச் சத்தமும் இப்படி இறங்கிக் கேக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல. வேற மாத்திரைக்கு மெதுவாத்தான் மாத்தணும், ரெண்டு மூணு மாசம் பிடிக்கும். அதுவரைக்கும் நீங்களா நிறுத்திடாதீங்க. அடுத்த தடவ எங்க விழுவீங்கன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து மாத்திரை வாஷ்பேசினுக்குள் போனது. ஒரு வாரத்துக்குள் லிப்ட் மணி பழைய கட்டைக்கு வந்து நின்றது. தலைகால் புரியவில்லை அவருக்கு. வேலை வெட்டி இல்லாதவர் மாதிரி அந்த லிப்டிலேயே நாலு தடவை ஏறி இறங்கினார்.

அவர் மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறவள். பாட்டுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் முணுமுணுத்தாலே இவர் காதைப் பொத்திக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷினை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

மிஷின் நின்றது. "போடல நீங்க."

"என்னமோ பக்கத்துல நின்னு பாத்த மாதிரி பேசற!"

"பாக்க வேற வேணுமாக்கும்? எனக்குச் சுருதியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஆனா நீங்க நெசம் சொன்னா பேச்சு கடைசில கீழ வந்து உக்காரும். பொய் சொன்னா மேலயே தொங்கிட்டு நிக்கும். பத்தொம்பது வருஷமா கேக்கறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர்ச் சத்தத்தை எல்லாம் கட்டை போட்டுப் பிரித்தவர், தன் வாயிலிருந்து வருவதை ஒரு நாளும் கேட்டதில்லை. குட்டு வெளிப்பட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா, போடல! அத்தனை பேர் முன்னாடி மீட்டரத் தூக்கிட்டு நிக்கறதுக்கு நான் செத்தே போகலாம்!"

அவள் எழுந்து நின்றாள். "சுலபமா சொல்லிட்டீங்க. அன்னிக்கு விழறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் போட்டீங்களே, தெரியுமா?"

"நானா? என்ன சத்தம்?"

அவள் வாயைத் திறந்து அதைப் போட்டுக் காட்டினாள். அடித்தொண்டையிலிருந்து கிளம்பி மேலே இழுத்துக்கொண்டே போய் நடுவில் அறுந்துபோகும் ஒரு ஊளை. ஒரு பாட்டின் முதல் அடியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவள், இதை மட்டும் இம்மி பிசகாமல் பிடித்து வைத்திருந்தாள். அவர் அதை முன்பு கேட்டதே இல்லை; ஆனாலும் தன் குரல் என்று தெரிந்துவிட்டது.

"துணி தைக்கறப்ப, தண்ணி பிடிக்கறப்ப, எப்பவும் இதான் எனக்குக் கேக்குது" என்றாள் அவள். "இது எந்தக் கட்டைன்னு சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு சத்தத்துக்கு அவரிடம் கட்டை இல்லை.

"போதும்மா" என்று அலமாரிக்குப் போனார். அவசரத்தில் ஒரு மாத்திரை கீழே விழுந்து உருண்டது. இன்னொன்றை எடுத்தார். இரண்டொரு நாளில் இவள் குரலும் அரைக்கட்டை இறங்கிவிடும் என்பது தெரிந்தேதான் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். போட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அவள் முன்னால் போய் வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். அவள் அழுதுகொண்டே எட்டிப் பார்த்தாள்.