என் மேசைக்கே வந்த என் புகார்

எங்கள் கம்பெனியில் எனக்குச் சம்பளம் கொடுப்பது "தவறு எங்கள் பக்கம் இல்லை" என்று எழுதுவதற்காக. அடையாள அட்டையில் தரக் கட்டுப்பாடு என்று கௌரவமாகப் போட்டிருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாங்கள் ரப்பர் வளையங்கள் செய்கிறோம். சுண்டு விரலில் மோதிரமாகப் போடலாம், அவ்வளவுதான் அளவு. கார் ஏசியில் குழாயும் குழாயும் சேருமிடத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கும் கேஸ் வெளியேறாமல் காப்பது அதன் வேலை. எங்காவது ஒரு காரில் கேஸ் கசிந்தால், கழற்றிய வளையம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சீட்டோடு என் மேசைக்கு வரும். நான் அதை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "பொருத்தும்போது ஏற்பட்ட காயம்" என்றோ, "வெளி ஆட்கள் கைவைத்திருக்கிறார்கள்" என்றோ எழுதி அனுப்புவேன். சுத்தப் பொய் என்றும் சொல்ல முடியாது. ரப்பரில் எந்தக் காயம் எப்போது பட்டது என்று யாருக்குத் தெரியும்? பதினாறு வருடமாக இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர்.

போன வருடம் தை மாதம் கார் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் கார். பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கும் என் மகளுக்காகத்தான் வாங்கினேன். ஒரே மகள், உண்டாகியிருந்தாள். வளைகாப்பு முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். திருத்தணி, திருவள்ளூர், பெரியபாளையம் என்று சுற்றிக்கொண்டு, உச்சி வெயிலில், பஸ் மாறி மாறியா அழைத்து வருவது? "எங்க பொண்ண ஏசி கார்ல கூட்டினு போவோம்" என்று சம்பந்தியம்மாளிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பங்குனியில் ஒரு நாள் ஏசி வெறும் காற்றாடி ஆகிவிட்டது. காற்று வருகிறது, குளிர் வரவில்லை. திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே டை கட்டிய அட்வைசர் ஒருவர் இருந்தார். "கேஸ் கம்மியா இருந்துச்சு சார், ஃபில் பண்ணியாச்சு. வாரண்டிதான், கவலப்படாதீங்க" என்றார். திரும்பி வரும்போது உள்ளே நல்ல குளிர். எட்டு நாள் குளிர்ந்தது. ஒன்பதாம் நாள் மறுபடியும் காற்றாடி.

நான் தரக் கட்டுப்பாட்டுக்காரன். வெறுங்கையோடு போய்ப் புகார் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி லேபிலிருந்து பழைய தெர்மாமீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, ஏசி காற்று வரும் துவாரத்தில் செருகினேன். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும், அது சோதனையின் விதி. கவரைப்பேட்டை வருவதற்குள் நோட்டு நனைந்துவிட்டது.

"இட்லிப் பானைல ஒக்கார வெச்சிட்டு சூடு எவ்ளோன்னு பாத்துகினு கீறீங்களே, நீங்கள்லாம் மனுசனா?" என்றாள் மனைவி.

"கண்ணாடிய எறக்கினா ரீடிங் தப்பாப் பூடும்" என்றேன்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். ரீடிங் தப்பாகிவிட்டது. இருந்தாலும் கிடைத்த எண்களை வைத்து அழகாக ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு போய் அட்வைசரிடம் கொடுத்தேன். "சூப்பர் சார்" என்று வாங்கி அதன் மேல் டீ கிளாஸை வைத்தார். இந்த முறை குழாயைக் கழற்றிப் பார்த்து, உள்ளே இருக்கும் வளையம்தான் கசிகிறது என்று கண்டுபிடித்து, புது வளையம் போட்டுக் கேஸ் நிரப்பினார்கள். வளையம் என்ற சொல்லைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாட்டில் எத்தனையோ பேர் வளையம் செய்கிறார்கள்.

அதே வாரக் கடைசியில் மகளை ஸ்கேன் எடுக்கத் திருவள்ளூருக்கு அழைத்துப் போனோம். போகும்போது குளிர். திரும்பும்போது, திருத்தணி ரோட்டில், மத்தியான வெயிலில், ஏசி உயிரை விட்டது. கண்ணாடிகளை இறக்கினால் அனல் உள்ளே வந்து உட்கார்ந்தது. "நைனா, எனுக்கு ஒரு மாரி கீது" என்றாள் மகள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தாயின் தோளில் சாய்ந்துவிட்டாள். வண்டியை ஓரம் கட்டினேன். எதிரே நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். மகள் கண் விழிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் எனக்கு வேர்த்த வேர்வை வெயிலால் வந்தது அல்ல. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

விஷயம் தெரிந்ததும் சம்பந்தியம்மாள் கோபப்படவில்லை. அதுதான் வலித்தது. "வளகாப்பு முட்சதும் கூட்டினு போறதா இருந்தா, ஏசிய ரெடி பண்ணிகினு வாங்க. இல்லாங்காட்டி இங்கியே பெத்துக்கட்டும். புள்ளதாச்சிய இந்த வெயில்ல நான் அனுப்ப மாட்டேன்" என்றார். நியாயமான பேச்சு. என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. தலைப்பிரசவத்தைப் பெற்றவள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வளைகாப்புக்கு இன்னும் நான்கே வாரம் இருந்தது.

மூன்றாவது முறை சர்வீஸ் சென்டரில் நான் போட்ட சத்தத்தில், டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். "ஒரு பொருள செய்யறவனுக்குப் பொறுப்பு வேணாமா? எவன் பாத்து ஓகே பண்ணான் இத? அவன் ஊட்ல பொண்ணு புள்ள கெடையாதா?" என்று கேட்டேன்.

அட்வைசர் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "மூணாவது வாட்டிங்கறதால நாங்களா முடிவு பண்ண முடியாது சார். கழட்டின ரெண்டு ரிங்கையும் செஞ்ச கம்பெனிக்கே அனுப்பறோம். அவங்க தப்புதான்னு ஒத்துக்கிட்டா முழு பைப்பும் வாரண்டில மாத்திடலாம்."

"ஒத்துக்கலன்னா?"

"கஸ்டமர் மேல தப்புன்னு முடிச்சிடுவாங்க. பொதுவா ஒத்துக்க மாட்டாங்க சார். 'எங்க தப்பு இல்ல'ன்னு எழுதறதுக்குன்னே ஒரு ஆளு வெச்சிருப்பாங்க."

"நாசமாப் போறவன்" என்றேன் நான், மனதார.

செவ்வாய்க்கிழமை காலையில் நாஷ்டா முடித்துவிட்டு மேசைக்கு வந்தேன். வழக்கம்போல் உறைகள் வந்திருந்தன. மூன்றாவது உறையின் சீட்டில் இருந்த வண்டி நம்பர் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. சட்டைப் பையிலிருந்த கார் சாவியை எடுத்தேன். சாவிக்கொத்தில் என் நம்பரை எழுதித் தொங்கவிட்டிருந்தேன். அதே நம்பர்.

புகார்க் கட்டத்தில் அட்வைசர் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருந்தார். வாடிக்கையாளர் மிகவும் கோபக்காரர். பழுது என்ன என்று நமக்கே பாடம் எடுக்கிறார். குறுக்கே பேச விடுவதில்லை. வரைபடம் போட்டுக்கொண்டு வருகிறார். தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்பவும். படித்ததும் முகம் சூடாகிவிட்டது. அந்த வரைபடத்தையும் நகல் எடுத்து இணைத்திருந்தார். மேலே டீ கிளாஸின் வட்டம் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு வளையங்களையும் லென்ஸுக்கு அடியில் வைத்தேன். எங்கள் அச்சு எண் அவற்றில் இருந்தது. ஓரத்தில் பிசிறு வெட்டும் கத்தி குறுக்கே கீறிய கோடு இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் ஓடியது. பொருத்தும்போது பட்ட காயம் இப்படி இரட்டைப் பிள்ளைகள்போல் ஒரே மாதிரி வராது. ஒரே நாளில் ஒரே அச்சில் வார்ப்பதை நாங்கள் ஒரு லாட் என்போம். புதிதாக மாற்றிப் போட்ட வளையமும் பழைய வளையத்தின் லாட்தான். பழைய பேப்பர்களைத் தேடி அந்த லாட்டின் அட்டையை எடுத்தேன். எல்லாம் சரி என்று பார்த்து அனுப்பியவரின் கையெழுத்து கீழே இருந்தது. என் கையெழுத்து. அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றேன். ஒன்றுமே வரவில்லை. அவசரமா, அசதியா, அரட்டையா, எதுவும் தெரியவில்லை. மற்ற நாட்களைப்போல அதுவும் ஒரு நாள்.

அதற்குள் கை அதுபாட்டுக்குப் பழைய பழக்கத்தில் "பொருத்தும்போது" என்று எழுதி வைத்திருந்தது. அதை முடித்திருந்தால் என் கையெழுத்தும் தப்பித்திருக்கும், என் பெயரும் தப்பித்திருக்கும். மகள் பொதட்டூர்பேட்டையிலேயே பெற்றெடுத்திருப்பாள். பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் "எங்கள் தவறு" என்று ஒரு வரியே இல்லை. பட்டியலைத் தயாரித்தவனும் நான்தான். கடைசியில் இருந்த "இதர" என்பதை அமுக்கி, பக்கத்தில் உண்மையை எழுதினேன். பதினாறு வருடப் பழக்கத்தில் உண்மைக்கு வார்த்தை கிடைக்கச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர். அறிக்கையைப் படித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இன்னா சார் இது, நம்ம மேலயே எழுதிகினு வந்துக்கிறீங்க? அந்த கஸ்டமர் யாரோ லூசு மாரி தெரியறான். கிராஃப்லாம் போட்டுக்கிறான் பாருங்க."

"லூசெல்லாம் கெடையாது சார்."

"வெளிய எங்கனா மெக்கானிக்க வுட்டு நோண்டியிருப்பான்னு எழுதுங்க."

"அப்படிப்பட்ட ஆளில்ல சார் அவரு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாவிக்கொத்தை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை நிறுத்தவில்லை. "நுணலும் தன் வாயால் கெடும்னு ஸ்கூல்ல படிச்சிருக்கேன் சார். இன்னிக்குதான் நேர்ல பாக்கறேன்" என்றார். பிறகு, கஸ்டமருக்கு லாட் நம்பர் தெரியக்கூடாது என்பது கம்பெனி விதி என்றும், நான் கஸ்டமராக இருப்பதால் எனக்கு அது தெரிந்ததே தப்பு என்றும் சொன்னார்.

நான் மகள் மயங்கி விழுந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. நம் தவறு என்று எழுதிவிட்டால், அந்த லாட்டில் ஸ்டோரில் மீதம் இருக்கும் அத்தனை வளையங்களையும் மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். யார் சரி என்று கையெழுத்துப் போட்டாரோ அவரே பார்க்க வேண்டும். வளைகாப்புக்கு மறுநாள் திங்கட்கிழமை லாரி வருவதற்குள் முடிக்க வேண்டும். சரி என்றேன். அப்போது மூட்டைகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரமே குழாய் வந்து மாட்டிவிட்டார்கள். அட்வைசர் போனில் தழுதழுத்தார். "அதிசயம் சார். சப்ளையர் தப்ப ஒத்துக்கிட்டு நான் பாத்ததே இல்ல. அங்க யாரோ நல்ல மனுஷன் இருக்காரு போல."

"இருக்கலாம்" என்றேன்.

எட்டு நாள் தாண்டியும் குளிர் அப்படியே இருந்தது. ஆனால் மூட்டைகள் தீரவில்லை. வேலை முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்து பார்த்தும் ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு மூட்டை மிச்சம். என் மகளின் வளைகாப்புக்கு நான் போகவில்லை. மச்சான் காரை ஓட்ட, மனைவி சீர்த்தட்டுகளோடு பின்னால் உட்கார்ந்து போனாள். "உங்க கையெழுத்தால எவ்ளோ பேஜாரு பாத்தீங்களா" என்று புறப்படும்போது சொன்னாள், ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கார் ஏசிக்கு வளையம் செய்யும் எங்கள் கம்பெனியில் ஸ்டோருக்கு ஏசி கிடையாது. ஃபேன் போட்டால் பிரித்து வைத்த வளையங்கள் உருண்டு ஓடி நல்லதும் கெட்டதும் கலந்துவிடும் என்பதால் ஃபேனையும் போட முடியாது. மேலே தகரக் கூரை. சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாக லென்ஸுக்கு அடியில் திருப்பிக்கொண்டிருந்தேன். மூக்கு நுனியிலிருந்து வேர்வை லென்ஸில் சொட்டும். துடைப்பேன், மறுபடியும் சொட்டும்.

மூன்று மணி இருக்கும். மகள் போன் செய்தாள்.

"நைனா, திருவள்ளூர் தாண்டிட்டோம். நீ ஏன் நைனா வரல?"

"வேல இருந்துச்சும்மா. ஒடம்பு எப்டி கீது?"

"நல்லா கீறேன். ஆனா ரொம்ப குளுருது நைனா. அம்மா பொடவய போத்திகினு ஒக்காந்துனு கீது. மாமா ஏசிய கம்மியே பண்ண மாட்டேங்கறாரு. நீ சொன்னாதான் பண்ணுவாராம்."

துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

"கம்மி பண்ண வேணாம்னு சொல்லும்மா. ஊடு வந்து சேர வரைக்கும் அப்படியே ஓடட்டும்."