லோர்னா வேலியில் மாட்டிய மூன்று படங்கள்

லோர்னா ஸ்டாவ்னஸைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அந்த வியாழக்கிழமையைத்தான் சொல்வேன். எங்கள் ஊர் நகராட்சி கோல்ஃப் மைதானத்தை இருபத்தாறு வருஷமாக நடத்துகிறவள் அவள். நான் அங்கே புல் வெட்டுகிறவன். இந்த சீசனில் ஆட வருகிறவர்கள் கூடாவிட்டால், அக்டோபரில் நகர்மன்றம் மைதானத்தை ஒரு கிடங்குக் கம்பெனிக்கு விற்றுவிடும். மின்னசோட்டாவில் சீசனே ஆறு மாதம்தான். நெடுஞ்சாலையோரம் வைக்கப்போகும் ஒரே ஒரு விளம்பரப் பலகையைத்தான் நம்பியிருந்தோம்.

ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குச் சொல்லியாக வேண்டும். மூன்றரைக்குக் கமிட்டி உட்கார்ந்தது. தலைவர் வெர்லின் ஹாக்ஸ்டாட், பல் டாக்டர் இங்வால்சன், ஓய்வுபெற்ற டீச்சர் டெலோரஸ், இந்த மூன்று பேர்தான்; லோர்னாவும் நானும் ஓரமாக நின்றோம். மேசையில் பலகைக்கான மூன்று மாதிரிப் படங்கள். ஒன்றில் வெர்லினே வெள்ளைச் சட்டையில் மட்டையை ஓங்கி நின்றார், பின்னால் ஏரியும் அஸ்தமனமும். நகர்மன்றத்திலும் அவர் சொல்தான் எடுபடும். அவர் மனம் கோணினால் அக்டோபரில் கதை முடிந்தது.

கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் இப்படி ஒரு படத்தைக் கொடுத்தால் மட்டையைப் பிடித்திருக்கும் விதத்தைத் தவிர வேறெதைப் பார்ப்பார்கள்?

"கட்டைவிரல் கொஞ்சம் வெளிய போயிருக்கு, வெர்லின்," என்றார் டாக்டர்.

"அது என் பிடி. நாப்பது வருஷமா அப்படித்தான்."

முக்கால் மணி நேரம் இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வேகும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்ட கதைதான்.

லோர்னா பேசாமல் படங்களைச் சுருட்டி என்னிடம் கொடுத்து, பயிற்சித் திடலின் தூரத்து வேலியில் மாட்டச் சொன்னாள். பிறகு மூவரையும் கோல்ஃப் வண்டியில் ஏற்றி, நான் நின்ற வேலியோரமாக ஓட்டி வந்தாள்.

"ஹைவேல போறவனுக்கு ஆறு செகண்டுதான். நான் எண்றேன், நீங்க பாருங்க."

முதல் படத்தைக் கடந்ததும் வண்டியை நிறுத்தினாள். "என்ன தெரிஞ்சுது?"

"சூரியன்," என்றார் டாக்டர்.

"நான்," என்றார் வெர்லின்.

"எந்த எக்ஸிட்ல திரும்பணும்?"

மூவரும் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த படத்தில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் எக்ஸிட்டின் எண்ணே இல்லை. ஊர்க்காரர்களுக்குத்தான் வழி தெரியுமே, அதை யார் தேடப்போகிறார்கள்.

இரண்டாவதில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. மூன்றாவது வெறும் பச்சை, நடுவில் ஒரு வெள்ளைப் பந்து. 'கோல்ஃப். யாரும் வரலாம். எக்ஸிட் 41.' லோர்னா இரண்டு எண்ணுவதற்குள் டெலோரஸ் படித்துவிட்டாள்.

வெர்லின் முகம் சிவந்துவிட்டது. "மன்றத்துல உனக்காக எத்தனை தடவை கை தூக்கியிருக்கேன், நினைப்பிருக்கா?"

"இருக்கு. இன்னொரு தடவை வேணும்னும் தெரியும். அதான் இவ்வளவு நேரம் பயந்து வாயை மூடிட்டிருந்தேன்." ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பினாள். "ரோட்டுல போறவனுக்கு உங்களைத் தெரியாது, வெர்லின். அந்தச் சட்டையைப் பார்த்துட்டு, பணக்காரங்க கிளப்பு, நமக்கில்லைன்னு போயிடுவான்."

வெர்லின் நிற்கும் படத்துக்கு டாக்டர் கை தூக்கினார். டெலோரஸ் பச்சைக்கு. மணி நாலு ஐம்பது. வெர்லின் வேலியில் இருந்த தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மைதானமே போயிட்டா என் மூஞ்சியை வச்சு என்ன பண்றது," என்று முனகிக்கொண்டே பச்சைக்குக் கை தூக்கினார். "ஆனா அக்டோபர் வேற விஷயம், லோர்னா. அதுக்கு நான் வாக்குக் கொடுக்கலை."

லோர்னா அங்கேயே அச்சகத்துக்குப் போன் போட்டாள். எடுத்துவிட்டார்கள். அவள் போனை என்னிடம் நீட்டினாள். போனை வாங்கி அந்த வாசகத்தை நான்தான் படித்துச் சொன்னேன். முடிகிறவரை அவள் என் சட்டைக் கையை விடவில்லை.