மஞ்சள் கோடும் அண்டாவில் வந்த கொலுசும்

பிள்ளைகளா, கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் நீங்கள் ரெண்டு பேரும் ஒரு கதையைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அப்பா கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதினார், அது முதலாளி கண் முன்னாலேயே படுத்துவிட்டது, அப்பா அழுதுவிட்டார் என்று. முதல் ரெண்டும் உண்மை. அழவில்லை. பாத்திரம் தேய்க்கிற பவுடர் கண்ணில் பட்டிருந்தது. நானே எழுதிவைத்துவிடுகிறேன். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை, அது போய் ரொம்ப நாளாச்சு. நீங்கள் சொல்லும்போது டெக்னிக்கலாகத் தப்பு வருகிறது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்சந்தில் நான் வேலை பார்க்கும் பாத்திர வாடகைக் கடையில் கோடவுன் மாடியில் இருக்கிறது. அண்டா, குண்டான், தாம்பாளம் எல்லாம் அங்கேதான். என் முட்டி ரெண்டும் அந்தப் படிக்கட்டுக்கே போய்விட்டன. அந்தச் சமயத்தில் முதலாளி, கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் போவதாகச் சொன்னார். அதை ஓட்டுகிற ஆளுக்கு முன்மேசை. உட்கார்ந்த இடத்தில் வேலை.

"நானே எழுதித் தர்றேன் முதலாளி" என்றேன்.

அவர் திருநெல்வேலிப் பக்கம். சிரிக்காமலே கேலி பண்ணுவார். "என்னவே, கம்ப்யூட்டர்ல அண்டா கழுவப் போறீரா?"

"இல்ல முதலாளி, ஜாவான்னு கம்ப்யூட்டர் பாஷை ஒண்ணு படிக்கிறேன்."

"செய்யும் பாப்போம். ஓடுச்சுன்னா மேசை உமக்கு. ஓடலைன்னா மாடிதான். பொறவு முட்டி வலிக்கின்னு முனங்கப்படாது."

படித்தது உண்மைதான். தி.நகரில் ஒரு மாடியில் சாயங்கால வகுப்பு. முதல் நாள் பிள்ளைக்கு அட்மிஷன் போட வந்த அப்பா என்று நினைத்து எனக்கு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தார்கள். நான்தான் மாணவன் என்றதும் தண்ணீர் டம்ளரை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஜெனரிக்ஸ் என்று ஒரு பாடம் நடத்திய வாரம் முகூர்த்த வாரம். கடையில் லோடு மேல் லோடு. என்னால் போக முடியவில்லை. ஒரு பாடம்தானே, ஊறுகாய் இல்லாத சாப்பாடு மாதிரி, ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன். அது சோறு என்று தெரியவில்லை.

எழுதினேன். ஒரு கல்யாணத்துக்கு ஒரு லிஸ்ட். போகிற பாத்திரம், வருகிற பாத்திரம் எல்லாம் அதில் விழும். கடைசியில் 'மொத்தம்' என்று ஒரு பட்டன். லிஸ்ட் என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் கீழே நெளிநெளியாக மஞ்சள் கோடு வந்தது. சிவப்புக் கோடு வந்தால் தப்பு, ஓடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மஞ்சளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் வீட்டில் புதுச்சட்டை எடுத்தால் கழுத்துப்பட்டைக்குள் மஞ்சள் தடவித்தானே போடுகிறோம்? புது நோட்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கிறோம். கம்ப்யூட்டரும் நம் ஊரில் இருந்து இருந்து பழகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே மஞ்சள் குறைவாக இருக்கிறதோ அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

முதலாளிக்குக் காட்ட வேண்டிய நாள் வந்தது. ஒரு கல்யாண லோடு திரும்பி வந்திருந்தது. லோடு ஆட்டோக்காரர் வாசலில் நின்று கத்தினார்:

"நைனா, இங்க வா! அண்டாவுக்குள்ள கொலுசு ஒண்ணு கீது. உன் கடைதா?"

"எங்க அண்டா எல்லாம் கொலுசு போடாதுப்பா."

"அப்போ பொண்ணு வூட்டுது. பத்திரமா வை, அப்பால நம்மளைத்தான் கேட்பாங்கோ."

இது எங்கள் தொழிலில் வாடிக்கை. அண்டா போனால் திரும்பும்போது அதோடு மூக்குக்கண்ணாடியும், யாரோ வீட்டு ஸ்பூனும் வரும். அதற்காகவே 'மற்றவை' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அதில் எதை எழுதினாலும் வெறும் எழுத்தாக அதே லிஸ்ட்டில் போய் உட்காரும். பாவம், தனியாக எங்கே போகும் என்ற நல்லெண்ணம். வீட்டில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் பாத்திரம் மட்டும்தான் போட்டேன். ஜோராக ஓடியது.

முதலாளி பக்கத்தில் நிற்க, அண்டாக்களைப் போட்டேன், தாம்பாளங்களைப் போட்டேன். நேர்மையாகக் கொலுசையும் போட்டேன்.

"மொத்தம் எங்கவே?"

அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டியது. அப்புறம் ஒன்றுமில்லை.

முதலாளி திரையைப் பார்த்தார். "கொலுசுக்கே இப்படின்னா, ஒட்டியாணம் வந்தா கடையே இடிஞ்சிருமே. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனை நாளைக்கு மத்தியானம் வரச்சொல்லட்டா?"

"அதுக்கு முன்னாடி காலையில இன்னொரு தடவை பாத்துடுங்க முதலாளி" என்றேன். அந்தச் சமயத்தில்தான் அந்தப் பவுடர் கண்ணில் பட்டது.

அப்புறம் பெரியவளே, உனக்கு ஆபீசுக்குப் போன் போட்டேன். நீ என்ன கேட்டாய் என்று மறந்திருப்பாய்.

"அப்பா, மஞ்சக் கோடு ஏதாவது வந்துச்சா?"

"நிறைய வந்துச்சும்மா. நல்லா வந்துச்சு."

"நல்லாவா? அப்பா, அது எச்சரிக்கை!"

ஆபீசில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நீ சிரித்தது எனக்கும் கேட்டது. அப்புறம் பொறுமையாகச் சொன்னாய். லிஸ்ட் என்று வெறுமனே எழுதினால் அதில் யார் வேண்டுமானாலும் ஏறலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கேட்காது. வெளியே எடுக்கும்போது நான் 'இது பாத்திரம்' என்று அடித்துச் சொல்கிறேன். கொலுசை எடுத்து அண்டா என்றால் அது என்ன செய்யும்? பக்கத்திலேயே அம்புமுனை மாதிரி ரெண்டு குறிக்குள் 'பாத்திரம்' என்று எழுதிவிட்டால், தப்பானது ஏறும்போதே தடுத்துவிடும். முதலாளி வரைக்கும் போகாது. நான் போகாமல் விட்ட ஜெனரிக்ஸ் பாடம் இதுதானாம்.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அப்படியே எழுதினேன். மஞ்சள் எல்லாம் மறைந்தது. கொலுசு ஏறுகிற வரி மட்டும் ரத்தச் சிவப்பு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது சட்டம் பேசுகிறதே என்று. சின்னவனே, நீ பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டே, "அதுக்குத் தனி லிஸ்ட் போடேன்ப்பா" என்றாய். அவ்வளவுதான் விஷயம். ரெண்டு லிஸ்ட்டையும் எண்ண ரெண்டு தடவை எழுதப் போனேன். வேண்டாம், வகை வருகிற இடத்தில் T என்று ஓர் எழுத்தை மட்டும் வை என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள்.

"T-ன்னா யாரும்மா?"

"நீ சொல்றவரைக்கும் யாருமில்லப்பா."

அது எனக்கு உடனே பிடிபட்டது. கடையில் அச்சடித்து விற்கும் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் இருக்கும் இடம் காலியாக இருக்குமே, அந்த மாதிரி. பத்திரிகை ஒன்றுதான், யார் வீட்டுக் கல்யாணமோ அவர் பேரை எழுதிக்கொள்ளலாம். பெரியவளே, இதைச் சொன்னதும் நீ சிரிக்கவில்லை. "ஆமாப்பா" என்றாய். அந்த ஒரு 'ஆமா'வை நீங்கள் கதையில் சேர்ப்பதே இல்லை.

மறுநாள் காலையில் முதலாளி தன் கையாலேயே அடித்துப் பார்த்தார். கொலுசைப் பாத்திரத்தில் போட எத்தனையோ வழியில் முயன்றார். அது போகவில்லை. மொத்தம் சரியாக வந்தது. கொலுசு கீழே தனியாக நின்றது.

"ம். இந்த முகூர்த்தம் முடியற வரைக்கும் மேசையில இரும். கம்பெனிக்காரனைப் பொறவு வரச்சொல்லுதேன். படுத்துச்சுன்னா மறுபடி மாடிதான், பாத்துக்கிடும்."

சொல்லிவிட்டுக் காபிக்குப் போனார். கடையில் யாரும் இல்லை. மாடியில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஏறிப் போய் அதை நிறுத்தினேன். இறங்கும்போது, இத்தனை நாள் பிடித்துப் பிடித்து இறங்கிய கைப்பிடியைத் தொடாமல், கையை வீசிக்கொண்டு கடைசிப் படி வரை இறங்கினேன். முட்டி நன்றாக வலித்தது.