தூயமல்லிக்கு மூன்று தடவை சர்வர் டவுன்

எங்கள் பிளாக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று எழுத உட்கார்ந்தேன். அதெல்லாம் மேனுவலிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். எனக்கே இந்த வேலையில் ஐந்து வருடம்தான் ஆகிறது. அதனால் பெரிய மனுஷி மாதிரிப் பேச வராது.

1. இன்னொரு பிரியா

முதல் நாள் கள்ளக்குறிச்சியில் காலை முதல் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, கல்வராயன் மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பெயர் கேட்ட பார்மசிஸ்ட் குமார் அண்ணன், பதிலைக் கேட்டதும் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"யம்மா, இன்னொரு பிரியா வந்துகீது. இத எந்த பிரியான்னு கூப்புடறது?"

லேபில் ஒரு பிரியா ஏற்கெனவே இருந்தாள். அவள் ரத்தப் பிரியா. நான் கம்ப்யூட்டர் பிரியா ஆனேன். இது எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் நான்கு பிரியா. "பிரியா, எழுந்திரு" என்றால் நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த எரிச்சலில்தான் எட்டாம் வகுப்பிலேயே ஒரு நோட்டுப் போட்டேன். எங்கும் கேட்டிராத பெயர்களுக்கான நோட்டு. பெயர் எங்கிருந்து வந்தது, என்ன அர்த்தம், எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று மூன்று பத்தி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பெயர் வித்தியாசமாக இருந்தால் இறங்குவதற்குள் விசாரித்துவிடுவேன்.

எனக்குக் கொடுத்த வேலை பிறப்புப் பதிவு. குழந்தை பிறந்ததும் பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம். மலைக்கிராமங்களிலிருந்து வரும் படிவங்களில் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் வரும். என் மாதிரி ஆளிடம் காலிக் கட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பெயர் சேர்க்க வரும் தாய்மார்களிடம் நானே பேச்சுக் கொடுப்பேன். "நீயே ஒன்னு சொல்லு பாப்பா" என்பார்கள். நோட்டைத் திறப்பேன். முதல் வருடத்தில் பதினோரு குழந்தைகள் என் நோட்டிலிருந்து பெயர் வாங்கிக்கொண்டு போயின. அந்தப் பதினொன்றையும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். மலையில் இனி பெயர் என்றால் நான்தான் என்று நினைப்பு.

2. களத்தில் கிடந்த பெயர்

இரண்டாம் வருடம் புது ஸ்டாஃப் நர்ஸ் மாறுதலில் வந்தார். நாற்பது வயது இருக்கும். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தேன். தூயமல்லி.

உடனே சிஸ்டத்தில் தேடினேன். எங்கள் பிளாக்கின் பதிவுகள் முழுவதிலும் ஒன்றுகூட இல்லை. நான் இத்தனை வருடமாகத் தேடித் தேடி எழுதிக்கொண்டிருக்க, இந்த அம்மா சும்மா கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.  பசி என்று சொல்லிக்கொண்டு ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று தீர்த்தேன்.

மதியம் மெதுவாக விசாரித்தேன். அவர் ஊசி மருந்துப் பெட்டியில் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், உங்க பேரு யாரு வெச்சது?"

"எங்கப்பா. அது நெல்லு பேருமா. நைனார்பாளையத்துல அவரு அடுத்தவங்க நெலத்துல வாரத்துக்குப் பயிரு வெச்சிருந்தாரு. நான் பொறந்த அன்னிக்குக் களத்துல தூயமல்லி அடிச்சிக்கினு இருந்தாங்களாம். ஆளு வந்து பொட்டப் புள்ளன்னு சொல்லிச்சாம். பேரு இன்னா வெக்கலாம்னு கேட்டா, கையில இருந்தத சொல்லிட்டாரு."

"அவ்ளோதானா?"

"வேற இன்னா? வேற நெல்லு அடிச்சிருந்தா நான் கிச்சிலிச் சம்பா. ஸ்கூல்ல என்னைப் பாத்தாலே மூட்டை இன்னா வெலைன்னு கேப்பானுங்க."

சிரித்தேன். அன்று நோட்டில் எழுதினேன். எங்கிருந்து: களத்திலிருந்து. அர்த்தம்: மல்லிகை மொட்டு மாதிரி வெளுத்த மெல்லிய அரிசி. எத்தனை பேர்: ஒருவர்.

அந்தக் கடைசிப் பத்தியை நான் திருத்த வேண்டி வந்தது. மூன்று மாதத்தில் ஒரு படிவத்தில் அந்தப் பெயர் வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. இரண்டும் சிஸ்டர் பிரசவம் பார்த்த குழந்தைகள். யாரும் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. கைராசிக்காரம்மா பேரு என்று அவர்களாகவே வைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்தப் பத்தியில் அடித்து அடித்து எழுதினேன். சிஸ்டரோ அதைப் பற்றிக் கேட்டால், "அப்பிடியா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். அந்த "அப்பிடியா" என்னை இன்னும் எரித்தது.

3. பாட்டில் பிடித்தவள்

ஒரு நாள் காலை பத்து மணிக்கு சடைச்சி என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைச்சன் பிரசவம். வலி நீண்டுகொண்டே போனது. டாக்டர் மேடம் பார்த்துவிட்டு உடனே கீழே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருந்தது. வெளியே நின்ற வாடகை ஜீப்பில் ஏற்றினோம். மாத ரிப்போர்ட் கொடுக்க நான் அதே ஜீப்பில்தான் கீழே போக வேண்டும். சிஸ்டர் சலைன் பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"தூக்கிப் புடி. இறக்காத."

மலைப்பாதையில் பாதி தூரம்கூட வரவில்லை. ஒரு வளைவில் சிஸ்டர் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். டிரைவர் இறங்கிப் போய் பாறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. சிஸ்டர் முதுகைத் துடைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அழுதது. அவ்வளவு நேரமும் நான் பாட்டிலை இறக்கவில்லை. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் இறக்கவில்லை. மறுநாள் வரை அந்தக் கையால் தலை வார முடியவில்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் குழந்தை மேல் எனக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அதற்காக நோட்டில் ஒரு பெயர்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

4. சர்வர் டவுன்

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை சடைச்சி குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள்.

"பேரு போட்டுக் காயிதம் குடு பாப்பா. வெள்ளிக்கெழம மேஸ்திரி வண்டி வருது. மைசூருப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போறோம். அங்க புள்ளக்கி ஊசி போடணும்னாலும் பாலு வாங்கணும்னாலும் பேரு போட்ட காயிதம் கேக்கறாங்களாம்."

"என்ன பேருக்கா?"

"தூயமல்லி."

நான் என் நோட்டுப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். கடைசியில் சொன்னேன்.

"அக்கா, அது சாமி பேரு இல்ல, பூ பேரும் இல்ல. வெறும் நெல்லு பேரு."

அவள் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறியது. மலர்ந்தது.

"நெல்லா? அந்தம்மா சொல்லவேயில்லையே. எங்க வூட்ல தெனம் சாமச் சோறுதான். நெல்லுச் சோறு எங்க மாமியா காலத்துல விசேஷத்துக்குத்தான். நல்ல பேராத்தான் கீது. போடு."

இவ்வளவு படித்து, இவ்வளவு விசாரித்து, அந்தப் பெயருக்கு இருந்த ஒரே குறையை நான் எடுத்துச் சொல்ல, அதையும் அவள் சிறப்பாக்கிவிட்டாள். என் விரல் கீபோர்டில் இருந்தது. சிஸ்டம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

"சர்வர் டவுன்க்கா. நாளைக்கு வாங்க" என்றேன்.

நம் வேலையில் இதைவிடச் சுலபமான வாக்கியம் கிடையாது. யாராலும் சரிபார்க்க முடியாது. யார் மீதும் பழி வராது. நாளைக்குள் அவள் மனசு மாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கூலிக்குப் போய்விட்டு புதன்கிழமை வந்தாள். அப்போதும் அதையே சொன்னேன். முதல் தடவை நாக்கு கொஞ்சம் தயங்கியது. இரண்டாவது தடவை தயங்கவில்லை.

அவள் போனதும் குமார் அண்ணன் மாத்திரைக் கவுண்டரிலிருந்து கேட்டார்.

"இன்னா கம்ப்யூட்டரு, காலையில ரெண்டு சர்டிபிகேட்டு பிரிண்ட் எடுத்த. அந்தப் பொண்ணுக்கு மட்டும் சர்வரு படுத்துக்கிச்சா?"

"விட்டு விட்டு வருதுண்ணே."

"அதுக்கு ஆள் பாத்து வரத் தெரியுதே" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

5. வெள்ளிக்கிழமை

நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சடைச்சி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பாதம் முழுக்கச் செம்மண். தோளில் துணி மூட்டை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் நான், "இன்னும் சர்வர்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பேருக்குத்தான் சர்வரு வரலன்னா வேற பேரு போட்டுடு பாப்பா" என்றாள். கோபமெல்லாம் இல்லை. களைத்திருந்தாள். "பதினோரு மணிக்கு வண்டி. எதுனா ஒரு பேரு. ஒம்பேரு இன்னா?"

"பிரியா."

"அதையே போட்டுடு. ஒம்பேருக்குச் சீக்கிரம் வருமில்ல?"

எட்டாம் வகுப்பிலிருந்து நான் ஏங்கியது அதுதான். என் பெயரை யாராவது வேண்டிக் கேட்டு வாங்க வேண்டும். இதோ கேட்கிறாள். இரண்டு நாள் கூலியும், மூன்று நாள் நடையும் கொடுத்துக் கேட்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே போய் சிஸ்டத்தைப் போட்டேன். தூ, ய, ம, ல், லி. ஒப்புதல் கொடுக்க வேண்டிய சார் டீ குடிக்கப் போயிருந்தார். ஓடிப்போய் டீக்கடையிலிருந்து கூட்டி வந்தேன். பிரிண்டரில் தாள் சிக்கியது. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிடம். மூன்று தடவையும் பதினைந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"பிரியா போட்டுட்டியா?"

"இல்லக்கா. நீங்க கேட்ட பேருதான். தூயமல்லி." விரலை வைத்துக் காட்டிப் படித்தேன்.

"அப்ப சர்வரு வந்துடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"திங்கக்கிழமையே இருந்துச்சுக்கா. நான்தான் வேணும்னு சொன்னேன். எல்லாரும் சிஸ்டர் பேரையே வெக்கறாங்கன்னு..."

 குழந்தை முழித்துக்கொண்டு சிணுங்கியது. அவள் தோளை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஜீப்புல பாட்டிலு புடிச்சிக்கினு வந்தது நீதான? கடைசி வரைக்கும் கைய இறக்கவேயில்ல. நான் பாத்துக்கினேதான் வந்தேன்."

நான் குழந்தையின் முகத்தில் விழுந்திருந்த துணியை விலக்கிவிட்டேன்.

"வண்டிக்கு நேரமாச்சு" என்று சர்டிபிகேட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பினாள். "அடுத்ததும் பொட்டையா பொறந்தா ஒம்பேரு வெக்கறேன். அப்பவாச்சும் சர்வரு இருக்கட்டும்."

புதிதாகச் சேர்ந்தவர்களே, சர்வர் நிஜமாகவே டவுன் ஆகும். அடிக்கடி ஆகும். அப்போது ஸ்கிரீனை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டால் பொய் சொல்வது கஷ்டம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. சிஸ்டர் மாறுதலில் ரிஷிவந்தியம் பக்கம் போய்விட்டார். அவர் பெயர் மலையில் இருக்கிறது. நேற்று தேடியபோது ஏழு தூயமல்லிகள் வந்தார்கள். மூன்றாவது வரி சடைச்சியின் மகள். அவள் பெயருக்கு நேரே பெயர் சேர்த்த தேதி இருக்கிறது, வெள்ளிக்கிழமை. அது திங்கட்கிழமையாக இருந்திருக்க வேண்டும் என்பது எனக்கும் சடைச்சிக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.